தன்னை மாற்றிக்கொள்ளும் மென்பொருள்: எல்லையை வகுப்பது யார்?

திருவண்ணாமலையில் ஒவ்வொரு பௌர்ணமி இரவிலும் 14 கி.மீ. நீளமுள்ள கிரிவலப் பாதையில் லட்சக்கணக்கானோர் வலம் வருகிறார்கள். 2,668 அடி உயர மலையின் உச்சியில் மகாதீபம் ஏற்றப்படும் கார்த்திகைத் திருநாளில் இந்தக் கூட்டம் இன்னும் பெருகுகிறது. ஏறத்தாழ ஒவ்வொருவர் கையிலும் கைப்பேசி இருக்கிறது. தீபத்தைப் படமெடுத்து ஊருக்கு அனுப்புவோர், கூட்டத்தில் பிரிந்துபோன உறவினரைத் தேடி அழைப்போர், தேநீர்க் கடையில் கியூஆர் குறியீட்டின் வழியே பணம் செலுத்துவோர் என அனைவரும் ஒரே நேரத்தில் ஒரே வலையமைப்பை நாடுகிறார்கள்.

இவ்வூரில் வசிப்பவன் என்ற முறையில் நான் பல ஆண்டுகளாகக் கவனித்துவரும் ஒன்று உண்டு. அந்த நேரத்தில் காணொலி மங்குகிறது. படம் போய்ச்சேரத் தாமதமாகிறது. சில அழைப்புகள் கிடைப்பதில்லை. ஆனால், குறுந்தகவல் சற்றுப் பொறுத்தேனும் உரியவரை அடைந்துவிடுகிறது. இதைப் பழுது என்று நாம் சலித்துக்கொள்கிறோம். பெரும்பாலும் அது பழுது அன்று. பாதை குறுகிவிட்டதை உணர்ந்த காணொலிச் செயலி, தரம் குறைந்த வடிவத்துக்குத் தானாகவே மாறிக்கொள்கிறது. தரவை அனுப்பும் மென்பொருள், நெரிசலைக் கண்டு வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. கைப்பேசிக் கோபுரம், ஒவ்வொரு கைப்பேசியிலிருந்தும் வரும் சமிக்ஞையின் வலுவைப் பார்த்து, தரவை அனுப்பும் முறையை நொடிக்குப் பல முறை மாற்றுகிறது. இவற்றுள் எதற்கும் அந்த இரவில் பொறியாளர் ஒருவர் அமர்ந்து ஆணையிடுவதில்லை.

ஓடிக்கொண்டிருக்கும்போதே தன் நடத்தையைத் தானே மாற்றிக்கொள்ளும் இத்தகைய மென்பொருள்கள், பணப் பரிவர்த்தனை, விமானம், விண்கலம், சாலைச் சந்திப்பின் சமிக்ஞை விளக்கு எனப் பல இடங்களுக்கும் வந்துவிட்டன. நம் அணைகளின் மதகுகளுக்கும் நாளை வரக்கூடும். எனவே, அவை எவ்வாறு வடிவமைக்கப்படுகின்றன என்பது பொறியாளர்களுக்கு மட்டுமே உரிய செய்தி அன்று. குடிமக்களும் அறிந்திருக்க வேண்டியது.

சாதாரண மென்பொருளில், இன்ன நிலை வந்தால் இன்னது செய்க என்று எழுதியவர் முன்கூட்டியே சொல்லிவைக்கிறார். அவர் நினைத்துப் பார்க்காத நிலை வந்தால் மென்பொருள் திகைத்து நின்றுவிடும். தன்னை மாற்றிக்கொள்ளும் மென்பொருளில், அடைய வேண்டிய இலக்கும் மீறக் கூடாத எல்லையும் மட்டுமே சொல்லப்படுகின்றன. எந்த வழியில் செல்வது என்பதைச் சூழலை அளந்து அதுவே தேர்ந்துகொள்கிறது.

தேரோட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். வடம் பிடிக்கும் ஆயிரக்கணக்கானோரால் தேரைத் திருப்பவோ நிறுத்தவோ இயலாது. சக்கரத்தின் அருகிலேயே நடந்துவரும் சிலர், முட்டுக்கட்டைகளைக் கொண்டு அதைச் செய்கிறார்கள். அவர்கள் சக்கரத்தின் போக்கைக் கண்காணிக்கிறார்கள், தேர் எந்தப் பக்கம் ஒதுங்குகிறது என்று ஆராய்கிறார்கள், எந்தச் சக்கரத்துக்கு எப்போது கட்டை இடுவது என்று திட்டமிடுகிறார்கள், இட்டுவிடுகிறார்கள். இத்தனையும் தேர் ஓடிக்கொண்டிருக்கும்போதே நடக்கின்றன. இந்த வீதி எங்கே சரிகிறது, இந்தத் தேர் எங்கே இழுக்கும் என்ற அனுபவ அறிவு நான்கு செயல்களுக்கும் பின்னால் நிற்கிறது.

கணினித் துறையும் இதே நான்கு படிகளையே வகுத்துள்ளது. மனிதர் நிர்வகிக்க முடியாத அளவுக்குக் கணினி அமைப்புகள் சிக்கலாகிவிட்டன என்று 2001-ஆம் ஆண்டு ஐபிஎம் நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவுத் தலைவராக இருந்த பால் ஹார்ன் எச்சரித்தார். வெயிலில் நின்றால் நாம் கேளாமலேயே உடல் வியர்க்கிறது. ஓடினால் இதயம் தானே விரைகிறது. இவற்றை ஆளும் தன்னியக்க நரம்பு மண்டலத்தின் பெயரையே அவர் தாம் முன்மொழிந்த கணினி முறைக்கும் சூட்டினார். அதே நிறுவனத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி கெஃபார்ட், டேவிட் செஸ் இருவரும் 2003-இல் வெளியிட்ட கட்டுரை இந்தக் கருத்தை விரிவுபடுத்தியது. கண்காணித்தல், ஆராய்தல், திட்டமிடுதல், செயற்படுத்தல் என்ற நான்கும், அவற்றுக்குப் பொதுவான அறிவும் சேர்ந்த அந்தச் சுழற்சியே இன்றும் இத்துறையின் அடித்தளம்.

சுழற்சியை அமைப்பது கடினமன்று. அதைப் பாதுகாப்பாக அமைப்பதே கடினம். அதைப் பாதுகாப்பாக அமைப்பது எப்படி என்பதை வல்லுநர்கள் பெரும்பாலும் தோல்விகளிலிருந்தே கற்றிருக்கிறார்கள்.

முதல் பாடம் இணையத்தின் தொடக்க காலத்தைச் சேர்ந்தது. 1986 அக்டோபரில், அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கும் இடையிலான இணைப்பு திடீரென்று முடங்கியது. இரண்டுக்கும் இடையே தொலைவு வெறும் 400 கெஜம். நொடிக்கு 32,000 பிட் சென்றுகொண்டிருந்த வழியில், 40 பிட் மட்டுமே செல்லத் தொடங்கியது. கம்பி அறுபடவில்லை, கருவி பழுதாகவில்லை. நெரிசலில் சில தரவுப் பொட்டலங்கள் தொலைந்தன. அனுப்பிய கணினிகள் அவற்றை மீண்டும் அனுப்பின. அதனால் நெரிசல் கூடியது. மேலும் பொட்டலங்கள் தொலைந்தன. மேலும் மீண்டும் அனுப்பப்பட்டன. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொரு கணினியும் தன் கடமையைச் சரியாகவே செய்தது. எல்லாம் சேர்ந்து பாதையை அடைத்துவிட்டன.

வான் ஜேக்கப்சன் என்ற ஆய்வாளர், மைக்கேல் கேரல்ஸுடன் இணைந்து இதற்குத் தீர்வு கண்டு, 1988-இல் வெளியிட்டார். அந்த விதியைச் சுருக்கமாக இப்படிச் சொல்லலாம்: பாதை சீராக இருக்கும்வரை வேகத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டு, பொட்டலம் தொலைந்தால் அதை நெரிசலின் அறிகுறி எனக் கொண்டு, உடனே வெகுவாகக் குறை, பிறகு மீண்டும் மெல்லக் கூட்டு. மேலிருந்து கட்டுப்படுத்தும் அதிகாரி எவரும் இல்லை. ஒவ்வொரு கணினியும் தன்னைத் தானே அடக்கிக்கொள்வதால் பொதுப்பாதை பிழைக்கிறது. கிரிவலப் பாதையில் குறுந்தகவல் போய்ச்சேர்வதற்குப் பின்னால் இந்தப் பழைய விதியின் வழிவந்த மென்பொருள்களும் உள்ளன.

அவசரத்தில் கூடுதலாக முயல்வதைவிடப் பின்வாங்கத் தெரிந்திருப்பதே மேலான தகவமைப்பு என்ற இந்தப் பாடத்தை நம் நாடும் அண்மையில் மீண்டும் படிக்க நேர்ந்தது. 2025 மார்ச் மாதத்தில் மட்டும் யுபிஐ வழியாக 1,800 கோடிக்கும் அதிகமான பரிவர்த்தனைகள் நடந்தன. அடுத்த மாதம் 12-ஆம் தேதி அந்தச் சேவை பல மணி நேரம் தடுமாறியது. பரிவர்த்தனையின் நிலையைக் கேட்கும் வினவல்களைச் சில வங்கிகளின் கணினிகள் இடைவிடாமல் அனுப்பியதே காரணம் என்று, அதை நடத்தும் இந்திய தேசிய கொடுப்பனவுக் கழகம் கண்டறிந்தது. பணம் போய்விட்டதா என்ற கேள்வியே பணம் போகும் வழியை அடைத்துவிட்டது. 1986-இல் நிகழ்ந்ததும் இதுவே.

அதன்பின் கழகம் வரம்புகளை விதித்தது. ஒரு பரிவர்த்தனையின் நிலையை மூன்று முறைக்கு மேல் கேட்கக் கூடாது. ஒவ்வொரு முறைக்கும் இடையே குறைந்தது 90 நொடி இடைவெளி வேண்டும். ஒரு செயலியில் ஒருவர் தம் கணக்கின் இருப்பை நாளொன்றுக்கு 50 முறைக்கு மேல் பார்க்க இயலாது. 2025 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்த விதிகளைப் பலர் தொல்லையாகக் கருதினர். தன்னை அடக்கிக்கொள்ளும் திறன் மென்பொருளுக்குள்ளேயே போதிய அளவு இல்லாதபோது, வெளியிலிருந்து விதி வருவது தவிர்க்க முடியாததாகிவிடுகிறது.

இரண்டாவது பாடம் கசப்பானது. 2018 அக்டோபர் 29 அன்று இந்தோனேசியாவின் லயன் ஏர் விமானம் கடலில் விழுந்து 189 பேர் இறந்தனர். 2019 மார்ச் 10 அன்று எத்தியோப்பிய ஏர்லைன்ஸ் விமானம் தரையில் மோதி 157 பேர் இறந்தனர். இரண்டும் போயிங் 737 மேக்ஸ் வகையைச் சேர்ந்தவை. அவ்விமானத்தின் மூக்கு அளவுக்கு மீறி மேல்நோக்கி எழுந்தால் தானாகவே கீழே தள்ளும் மென்பொருள் ஒன்று அதில் இருந்தது. விமானத்தில் காற்றின் கோணத்தை அளக்கும் உணரிகள் இரண்டு இருந்தும், அந்த மென்பொருள் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே நம்பியது. இரு விபத்துகளிலும் அந்த ஓர் உணரி தவறான அளவைத் தந்தது. நேராகப் பறந்த விமானத்தை, மேல்நோக்கி எழுந்துவிட்டதாக நம்பி, மென்பொருள் மீண்டும் மீண்டும் கீழே தள்ளியது. முதல் விபத்து நேரும்வரை, அப்படி ஒரு மென்பொருள் இருப்பதே விமானிகளுக்கான கையேட்டில் விளக்கப்பட்டிருக்கவில்லை.

மென்பொருள் தனக்குச் சொல்லப்பட்டதையே செய்தது. தன் கண்ணைச் சந்தேகிக்க அதற்குக் கற்றுத்தரப்படவில்லை. பின்னர் செய்யப்பட்ட திருத்தங்கள் இதைத் தெளிவாகக் காட்டுகின்றன. இப்போது இரு உணரிகளின் அளவுகளும் ஒப்பிடப்படுகின்றன. அவை பெரிதும் முரண்பட்டால் அந்த மென்பொருள் விலகிக்கொள்கிறது. ஒரு நிகழ்வுக்கு ஒரு முறை மட்டுமே அது குறுக்கிடலாம். விமானியின் கைவலிமையை மீறும் அளவுக்கு அது செயல்பட இயலாது. 346 பேரின் மரணத்துக்குப் பிறகு வந்த இந்த மூன்று திருத்தங்களும் விலகுதல், வரம்பு, மனிதருக்கு வழிவிடுதல் ஆகியவற்றைப் பற்றியவை.

மூன்றாவது பாடம் நமக்குப் பெருமை தருவது. நிலவுக்கும் பூமிக்கும் இடையே செய்தி போய்த் திரும்பச் சுமார் இரண்டரை நொடி ஆகிறது. ஆகவே, தரையிறங்கும் இறுதி நிமிடங்களில் இங்கிருந்து எவரும் கலத்தை ஓட்ட முடியாது. கலத்தின் மென்பொருளே முடிவெடுத்தாக வேண்டும். 2019 செப்டம்பர் 7 அன்று சந்திரயான்-2 திட்டத்தின் விக்ரம் கலம் தரையில் மோதியது. அதன் காரணங்களை இஸ்ரோ தலைவராக இருந்த எஸ். சோமநாத் 2023-இல் விளக்கினார். ஐந்து இயந்திரங்களும் எதிர்பார்த்ததைவிடக் கூடுதல் உந்துவிசையைத் தந்தன. அதனால் பிழைகள் சேர்ந்துகொண்டே வந்தன. அவற்றைத் திருத்த வேகமாகத் திரும்ப வேண்டிய கலத்துக்கு, அவ்வாறு திரும்பும் அனுமதி வரையறுக்கப்பட்டிருந்தது. இறங்க வேண்டிய இடமோ 500 மீட்டருக்கு 500 மீட்டர் என்ற சிறு சதுரம். அதை எட்டுவதற்காகக் கலம் தன் வேகத்தைக் கூட்ட வேண்டியிருந்தது.

அடுத்த கலத்தை இஸ்ரோ வேறு நோக்கில் வடிவமைத்தது. எவை வெற்றிபெறும் என்பதற்குப் பதிலாக, எவையெல்லாம் தவறக்கூடும் என்ற கேள்வியிலிருந்து வடிவமைப்பு தொடங்கியதாக சோமநாத் குறிப்பிட்டார். இறங்கும் பரப்பு ஏறத்தாழ 4 கி.மீ.க்கு 2.5 கி.மீ. என விரிக்கப்பட்டது. கூடுதல் எரிபொருள் ஏற்றப்பட்டது. வேகத்தை அளக்கப் புதிய லேசர் கருவி சேர்ந்தது. பள்ளமும் பாறையும் கண்டால் விலகி இறங்கும் திறன் மேம்படுத்தப்பட்டது. எங்கள் அண்டை மாவட்டமான விழுப்புரத்தைச் சேர்ந்த ப. வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-3, 2023 ஆகஸ்ட் 23 மாலை நிலவின் தென்துருவப் பகுதியில் மெல்ல இறங்கியது. எவ்வளவு கூர்மையான அறிவைக் கொடுத்தாலும், திரும்புவதற்கு இடமும் செலவிட எரிபொருளும் தராவிட்டால் தகவமைப்பு பலிக்காது. தாராளமான இடைவெளியைத் தேவையற்ற செலவென்று கருதுவோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதனுடன் பொறியாளர்கள் கையாளும் இன்னொரு நெறியையும் சேர்த்துக்கொள்ளலாம். ஓடும் அமைப்பின் உள்ளுறுப்பை மாற்றும்போது பணி தடைபடக் கூடாது. நம் கோயில்களில் திருப்பணி நடக்கும்போது பாலாலயம் செய்கிறார்கள். இறையாற்றலைத் தற்காலிகமாக வேறோர் இடத்தில் எழுந்தருளச் செய்து, வழிபாடு நிற்காமல் திருப்பணியை முடித்து, குடமுழுக்கில் மீண்டும் உரிய இடத்துக்குக் கொணர்கிறார்கள். 2017 பிப்ரவரியில் அருணாசலேசுவரர் கோயிலில் குடமுழுக்கு நடந்ததும் இம்முறையில்தான். எரிக்சன் நிறுவனத்தில் 1980-களில் ஜோ ஆம்ஸ்ட்ராங் உள்ளிட்டோர் உருவாக்கிய எர்லாங் என்ற கணினி மொழியின் நோக்கமும் இதை ஒத்தது. பேசிக்கொண்டிருப்பவரின் அழைப்பு அறுபடாமல் தொலைபேசி இணைப்பகத்தின் மென்பொருளை மாற்ற அது வழிசெய்தது. ஒரு சிறு பகுதி பழுதானால் அதை மட்டும் நிறுத்தி மீண்டும் தொடங்கவும், பழுது பிற பகுதிகளுக்குப் பரவாமல் தடுக்கவும் மேற்பார்வைப் பகுதிகள் அதில் உண்டு. புதிய மாற்றத்தை முதலில் ஒரு சிறு பகுதியில் மட்டும் சோதிப்பதும், சரிவரவில்லை எனில் பழைய நிலைக்கே திரும்புவதும் இன்று பெரிய நிறுவனங்களின் அன்றாட நடைமுறை.

இவற்றையெல்லாம் இங்கே எழுதுவதற்குக் காரணம் எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. தென்பெண்ணையாற்றின் குறுக்கே 1958-இல் கட்டப்பட்ட சாத்தனூர் அணையின் உயரம் 119 அடி. கொள்ளளவு 7,321 மில்லியன் கன அடி. 2024 நவம்பர் இறுதியில் கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலின்போது, அணைக்கு மேலே கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஊத்தங்கரையில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியது. டிசம்பர் 2 அதிகாலையில் அணையிலிருந்து வெளியேறிய நீர் நொடிக்கு 1.68 லட்சம் கன அடியை எட்டியது. திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களின் ஆற்றோர ஊர்கள் வெள்ளத்தில் மூழ்கின. முன்னறிவிப்பின்றித் திறந்துவிட்டதாக எதிர்க்கட்சிகள் குற்றம் சாட்டின. ஐந்து முறை எச்சரிக்கை விடுத்த பிறகே படிப்படியாகத் திறந்ததாக அரசு மறுத்தது.

அந்த வாதத்துக்குள் நான் நுழையவில்லை. ஒன்றை மட்டும் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். அன்று கேள்வி கேட்க அமைச்சர் இருந்தார்; அதிகாரிகள் இருந்தனர்; சட்டப்பேரவை இருந்தது. மழையளவையும் நீர்வரத்தையும் அளந்து, மதகை எவ்வளவு திறக்கலாம் என்று பரிந்துரைக்கும் மென்பொருள்கள் உலகின் சில இடங்களில் பயன்பாட்டுக்கு வந்துவிட்டன. அவை இங்கும் வருவதை நான் வரவேற்பேன். நள்ளிரவில் பல அணைகளின் அளவுகளை ஒருசேரக் கணக்கிடுவதில் மனிதரைவிடக் கணினி விரைவானது. ஆனால், அப்போது வெள்ளம் வந்தால் எவரிடம் கேட்பது?

மேற்சொன்ன பாடங்களை இங்கே பொருத்திப் பார்க்கலாம். புயல் எச்சரிக்கை வந்ததும் முன்கூட்டியே நீரைக் குறைத்து வெள்ளத்துக்கு இடம் வைப்பது, பின்வாங்கும் தகவமைப்பு. அதுவே அணைக்குத் தரப்படும் தாராள இடைவெளியும் ஆகும். ஆனால், மழை பொய்த்தால் பாசனத்துக்கு நீர் குறையும். ஆற்றோரத்துக் குடியிருப்பின் பாதுகாப்புக்கும் ஆயக்கட்டு விவசாயியின் நெல்லுக்கும் இடையே எதற்கு எவ்வளவு எடை என்பதை எந்தச் சுழற்சியும் தானே கற்றுக்கொள்ள முடியாது. அது மக்களாட்சி எடுக்க வேண்டிய முடிவு. அந்த முடிவை எழுத்தில் வைத்த பிறகே மென்பொருள் தன் வேலையைத் தொடங்க வேண்டும். அதேபோல, ஆற்றில் நிறுவிய அளவுக்கருவியை வெள்ளமே அடித்துச்செல்லக்கூடும். அப்போது வரும் பூச்சியத்தை, நீர்வரத்து நின்றுவிட்டது என்று மென்பொருள் பொருள்கொள்ளுமா, கருவி இறந்துவிட்டது என்று பொருள்கொள்ளுமா? ஊரின் உயிர் அந்த ஒரு வேறுபாட்டில் அடங்கியிருக்கிறது.

ஆகவே, பொதுமக்களின் வாழ்வைத் தொடும் எந்தத் தகவமைப்பு மென்பொருளையும் அரசு ஏற்கும் முன் நான்கு கேள்விகளுக்கு எழுத்துமூலம் விடை பெற வேண்டும் என்பது என் கருத்து. அது எவற்றைத் தானே மாற்றலாம், எவற்றை எந்நிலையிலும் மாற்றக் கூடாது? தன் அளவுகள் பொய்க்கும்போது அது எவ்வாறு அறியும், அறிந்தபின் என்ன செய்யும்? பொறுப்பை மனிதரிடம் ஒப்படைக்கும்போது, அவர் நிலைமையை உணர்ந்து செயல்படப் போதிய நேரம் தருமா? ஒவ்வொரு மாற்றத்தையும் அதன் காரணத்தையும் பதிவுசெய்து வைக்குமா. அந்தப் பதிவு பின்னர் மக்கள் பார்வைக்குக் கிடைக்குமா?

இவற்றுக்கு விடை காணக் கணினி அறிவு வேண்டியதில்லை. ஒப்பந்தப்புள்ளி கோரும் அதிகாரியும், நிதி ஒதுக்கும் சட்டப்பேரவை உறுப்பினரும், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பிக்கும் குடிமகனும் கேட்கக்கூடிய கேள்விகளே இவை. விமானத்தில் இவற்றைக் கேட்கத் தவறியதன் விலை உலகுக்குத் தெரியும். நிலவில் இறங்கும் முன் கேட்டதன் பயனும் நமக்குத் தெரியும். சாத்தனூரின் மதகுக்கு அருகில் ஒரு கணினி வந்து அமரும் முன்பே நாம் கேட்கத் தொடங்குவது நல்லது.